"ரெண்டும் ஒண்ணுதானே மேம்?"



மூன்றாம் ஆண்டு மினி புராஜெக்ட் வைவா. நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்தது தண்ணீர்த் தொட்டியின் லெவல் காட்டும் கருவி. எல்லாக் கல்லூரியிலும் எல்லா வருஷமும் யாராவது ஒரு டீம் செய்கிற அதே புராஜெக்ட்தான், சிரிக்காதீங்க. ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு அர்டுயினோ, ஒரு குட்டி டிஸ்ப்ளே. டெமோவுக்குத் தொட்டி கிடைக்கவில்லை என்பதால் சென்சாரை மேசை ஓரத்தில் வைத்து எதிர்ச் சுவரைப் பார்க்க விட்டிருந்தோம்.

வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் மேடம் கேட்டார்: "இது எவ்வளவு அக்யூரேட்டா இருக்கும்?"

"ரொம்ப அக்யூரேட் மேம். எத்தனை தடவை எடுத்தாலும் ஒரே ரீடிங்தான் வரும்" என்று சொல்லிப் பட்டனை அழுத்திக் காட்டினேன். 86.8. மறுபடியும் 86.8. அப்புறம் 86.9. திரும்ப 86.8. எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் ஒன்றும் சொல்லாமல் லேப் அண்ணாவிடம் டேப் வாங்கிச் சென்சாரிலிருந்து சுவர் வரை அளந்தார். சரியாக 90 செ.மீ.

"நீங்க காட்டினதுக்குப் பேரு பிரிசிஷன் தம்பி. நான் கேட்டது அக்யூரசி."

அப்போது நான் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. அந்த அறையில் அதற்குப் பிறகு நடந்ததை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

ரூமுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், அக்யூரேட் என்ற சொல்லுக்குப் பொருள் பிரிசைஸ் என்று போட்டிருக்கிறது. பிரிசைஸ் என்ற சொல்லுக்கு அக்யூரேட் என்று போட்டிருக்கிறது. பேச்சு இங்கிலீஷில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்முடைய பள்ளிப் பழக்கமும் அதற்கு ஏற்ற மாதிரிதான் இருக்கிறது. பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் இங்கிலீஷ் பேப்பர் திறந்ததும் முதல் ஒரு மார்க் கேள்வியே சினானிம்தான். ஸ்ட்ராங் என்றால் டஃப், டஃப் என்றால் ஹார்ட் என்று டிக் அடித்து வளர்ந்த பிள்ளைகள் நாம். அங்கே அது சரி. இன்ஜினியரிங்கில் அதே மூன்று சொற்களும் மூன்று தனித்தனி அளவுகள். மூன்றுக்கும் தனித்தனி டெஸ்ட், தனித்தனி மெஷின். ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று மோசமாக இருக்கலாம். அப்படி இருக்கும்போதுதான் விபத்து நடக்கிறது.

முதலில் என் விபத்தையே முடித்துவிடுகிறேன்.

ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது ரீடிங்குகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பது பிரிசிஷன். அந்த ரீடிங் உண்மையான மதிப்புக்கு எவ்வளவு நெருக்கம் என்பது அக்யூரசி. கவனிங்க, பிரிசிஷனைச் சொல்ல உண்மை மதிப்பு தெரிந்திருக்கவே வேண்டாம். ரீடிங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம். அக்யூரசியைச் சொல்ல வெளியிலிருந்து ஒரு டேப் வந்தே ஆக வேண்டும். நான் பட்டனை நூறு தடவை அழுத்தியிருந்தாலும் அந்த 3.2 செ.மீ. பிழை என் கண்ணில் பட்டிருக்காது.

பிழை எங்கிருந்து வந்தது? கோடில் ஒரு வரி. நேரத்தை 0.034 ஆல் பெருக்கி இரண்டால் வகுப்பது. இந்த சென்சாரைத் தொட்ட எல்லோரும் இந்த 0.034-ஐ எங்கிருந்தாவது காப்பி அடித்திருப்பீங்க. ஒலி ஒரு மைக்ரோ செகண்டில் 0.034 செ.மீ. போகும், அதாவது விநாடிக்கு 340 மீட்டர் என்று அர்த்தம். அது சுமார் 15 டிகிரி குளிரில் சரி. எங்கள் லேபில் ஏசி கிடையாது, மாதம் மே, அறை 35 டிகிரி. அந்த வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 352 மீட்டர் ஓடும். எதிரொலி சீக்கிரமே திரும்பி வந்துவிடும். கருவி சுவர் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். 90-க்கு 3 செ.மீ. சொச்சம் குறைவது அப்படித்தான். கருவியில் கோளாறு ஒன்றுமில்லை. ஊட்டியில் இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு அது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வதில் ஒரு பலன் உண்டு: வைத்தியமும் வேறு வேறு. ரீடிங் சிதறினால், அதாவது பிரிசிஷன் மோசம் என்றால், பல ரீடிங் எடுத்துச் சராசரி போடலாம். எல்லாமே ஒரே பக்கமாகத் தள்ளிப் போனால் ஆயிரம் ரீடிங்கின் சராசரியும் அதே தப்பைத்தான் காட்டும். காலிபரேஷன் செய்தால்தான் போகும். நாங்கள் ரிப்போர்ட்டில் "அக்யூரசிக்காக 10 ரீடிங்கின் சராசரி எடுக்கப்பட்டது" என்று எழுதியிருந்தோம். மேடம் அதையும் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.

இடையில் ஒட்டிக்கொள்ளும் மூன்றாவது ஒருவர் ரெசொலூஷன். டிஸ்ப்ளேயில் எத்தனை தசம இடம் வருகிறது, எவ்வளவு சின்ன மாற்றத்தைக் கருவியால் பிரித்துக் காட்ட முடியும் என்பது. கோடில் ஃப்ளோட் போட்டால் 86.83 என்று கூட வரும். அழகாக இருக்கும். அந்த 3-ஐ நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் யாராவது மெட்ராலஜி எடுத்தவர்கள் சண்டைக்கு வருவீங்க. ஐ.எஸ்.ஓ. 5725 என்ற தரநிலை அக்யூரசி என்பதைக் குடைச் சொல்லாக வைத்துக்கொள்கிறது. உண்மை மதிப்புக்கு நெருக்கமாக இருப்பதற்கு அது வைக்கும் பெயர் ட்ரூனெஸ். ட்ரூனெஸும் பிரிசிஷனும் சேர்ந்தால்தான் அக்யூரசி. எந்த வழக்கைப் பின்பற்றினாலும் சிதறலும் விலகலும் வேறு வேறு என்பது மாறாது.

நான் செய்ததையே பல கோடி டாலர் செலவில் செய்தவர்களும் இருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1990 ஏப்ரலில் மேலே போனது. அதன் முதன்மைக் கண்ணாடி 2.4 மீட்டர் அகலம். அதுவரை செய்யப்பட்ட பெரிய கண்ணாடிகளில் மிக நேர்த்தியாக மெருகேற்றப்பட்டவற்றில் ஒன்று. ஆனால் படங்கள் மங்கலாக வந்தன. தேடிப் பார்த்தால், கண்ணாடியின் விளிம்பு இருக்க வேண்டியதைவிட சுமார் 2.2 மைக்ரோமீட்டர் தட்டையாக இருந்தது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. காரணம், மெருகேற்றும்போது வடிவத்தைச் சோதித்த கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்தத் தப்பான கருவியை நம்பி, தப்பான வடிவத்தை அபாரமான பிரிசிஷனோடு செதுக்கிவிட்டார்கள்.

வயிறு எரிவது அடுத்த விஷயத்தில். வேறு இரண்டு சோதனைக் கருவிகள் பிழையின் அறிகுறியைக் காட்டத்தான் செய்தன. அவை இதைவிட நுணுக்கம் குறைந்தவை என்று சொல்லி, அந்த முடிவுகளை ஒதுக்கிவிட்டார்கள். அதாவது வெளியிலிருந்து டேப் வந்தது. என் கருவி உன் டேப்பைவிட உசத்தி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய்த் திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்திய பிறகுதான் ஹபிளுக்குப் பார்வை தெளிந்தது. பிழை எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்ததால்தான் அது சாத்தியமானது. கண்ணாடி தாறுமாறாக இருந்திருந்தால் அதற்குக் கண்ணாடி போட முடியாது.

உடையாது, ஆனால் வளையும்

அடுத்த குடும்பம் மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு: ஸ்ட்ரெங்த், ஸ்டிஃப்னெஸ், ஹார்ட்னெஸ், டஃப்னெஸ். தமிழில் பேசும்போது நாலையும் "நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம்.

ஸ்ட்ரெங்த் என்பது எவ்வளவு தகைவு வரை பொருள் நிரந்தரமாக உருமாறாமலோ உடையாமலோ தாங்கும் என்பது. ஸ்டிஃப்னெஸ் என்பது சுமை வைத்தால் எவ்வளவு குறைவாக வளைகிறது என்பது. ஹாஸ்டல் அலமாரியில் நீளமான பலகை மேல் புத்தகம் அடுக்கினால் நடுவில் தொய்யும். புத்தகத்தை எடுத்தால் பழையபடி நிமிர்ந்துவிடும். உடையவில்லை, ஸ்ட்ரெங்த் போதும். தொய்கிறது, ஸ்டிஃப்னெஸ் போதவில்லை.

சரி, இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீங்களா? ஒரு கேள்வி. ஒரு மைல்ட் ஸ்டீல் பீம் அதிகமாக வளைகிறது. நண்பன் சொல்கிறான், "250 கிரேடை எடுத்துட்டு அதே சைஸ்ல 500 கிரேடு ஸ்டீல் போடு மச்சி, டபுள் ஸ்ட்ராங்." போட்டால் வளைவு பாதியாகுமா?

ஆகாது. துளியும் குறையாது. 250 மெகாபாஸ்கலில் இளகும் ஸ்டீலுக்கும் 500-ல் இளகும் ஸ்டீலுக்கும் யங் குணகம் ஒன்றேதான், சுமார் 200 ஜிகாபாஸ்கல். ஸ்ட்ரெங்த்தைக் கலவையாலும் வெப்பப் பதனத்தாலும் ஏற்றலாம். ஸ்டிஃப்னெஸ் கிட்டத்தட்ட இரும்பு அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கிற பிடியைப் பொறுத்தது, அது அவ்வளவு சுலபமாக மாறாது. வளைவைக் குறைக்க வேண்டுமென்றால் வடிவத்தை மாற்ற வேண்டும். செவ்வகக் குறுக்குவெட்டின் உயரத்தை இரட்டித்தால் ஸ்டிஃப்னெஸ் எட்டு மடங்கு. காசை கிரேடில் போடுவதா உயரத்தில் போடுவதா என்பது இந்த ஒரு சொல்லைப் பொறுத்தது.

லண்டனில் தேம்ஸ் நதி மேல் மில்லெனியம் பாலம் 2000 ஜூன் 10 அன்று திறந்தார்கள். நடப்பவர்களுக்கான பாலம். கூட்டம் ஏறியதும் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. ஆட்டத்துக்கு ஏற்ப ஜனங்கள் காலை அகட்டி வைத்து நடந்தார்கள், அதனால் இன்னும் ஆடியது. இரண்டு நாளில் மூடிவிட்டார்கள். பாலம் விழும் ஆபத்து இருந்ததா? இல்லை. ஸ்ட்ரெங்த் தாராளமாக இருந்தது. பக்கவாட்டு அசைவை அடக்குவதில்தான் குறை. அதிகமாக டாம்பர்களைப் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள்.

ஹார்ட்னெஸுக்கும் டஃப்னெஸுக்கும் உங்கள் கையில் இருக்கிற போனே போதும். பாக்கெட்டில் சாவியோடு போட்டாலும் ஸ்கிரீனில் லேசில் கீறல் விழுவதில்லை: ஹார்ட்னெஸ் நல்லா இருக்கு. படிக்கட்டில் கை நழுவினால் சிலந்தி வலை: டஃப்னெஸ் இல்லை. ஹெல்மெட் முன்னால் இருக்கிற பாலிகார்பனேட் தகடு இதற்கு நேர் எதிர். துடைத்துத் துடைத்தே கீறல் விழுந்து இரவில் ஒன்றும் தெரியாது. ஆனால் கல் பட்டால் சில்லாக உடையாது. ஹார்ட்னெஸ் என்பது மேற்பரப்பில் குத்துவதையும் கீறுவதையும் எதிர்ப்பது. டஃப்னெஸ் என்பது உடைவதற்கு முன் எவ்வளவு ஆற்றலை விழுங்கிக்கொள்கிறது என்பது. உலகிலேயே ஹார்டான பொருள்களில் ஒன்றான வைரத்தைச் சுத்தியலால் அடித்தால் தூளாகிவிடும். (வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், அம்மா அடிப்பாங்க.)

1943 ஜனவரி 16. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புது டாங்கர் கப்பல், கடல் சோதனை முடிந்து திரும்பி வந்து துறையில் கட்டி நிற்கிறது. புயல் இல்லை, அலை இல்லை, குளிர் மட்டும். பெரும் சத்தத்தோடு கப்பல் ஏறக்குறைய இரண்டாக உடைந்தது. அந்தப் போர்க்காலத்தில் அவசரமாக வெல்டிங் செய்து கட்டிய பல கப்பல்களில் இப்படி விரிசல் விழுந்தது. அந்த ஸ்டீலை இழுத்துப் பார்க்கும் டெஸ்டில் ஸ்ட்ரெங்த் வரும். ஆனால் குளிரில் அதன் டஃப்னெஸ் சரிந்துவிடுகிறது. வெல்டிங்கில் இருக்கும் ஒரு சின்னக் குறையிலிருந்து கிளம்பும் விரிசல் எங்கேயும் நிற்காமல் ஓடிவிடுகிறது. ஸ்ட்ரெங்த் லேபில் பெண்டுலத்தைத் தூக்கி விட்டு ஒரு வெட்டு போட்ட துண்டை உடைக்கிறோமே, சார்பி டெஸ்ட், "இதை ஏன்டா பண்றோம்" என்று ரெக்கார்டில் எழுதிக்கொண்டே திட்டுவோமே, அது அளப்பது இதைத்தான்.

தூங்கிக்கொண்டிருக்கும் பிழை

இப்போது கம்ப்யூட்டர் பக்கம். மிஸ்டேக், எரர், ஃபால்ட், பக், ஃபெயிலியர். தமிழில் தப்பு, பிழை, கோளாறு என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறோம்.

மனிதன் தலைக்குள் நடப்பது மிஸ்டேக். அதனால் கோடில் போய் உட்கார்ந்துகொள்வது ஃபால்ட். பக், டிஃபெக்ட் எல்லாம் இதன் செல்லப் பெயர்கள். ஓடும்போது வெளியே தெரியும்படி சிஸ்டம் தன் வேலையைத் தவறவிடுவது ஃபெயிலியர். எரர் மட்டும் பாவம், இரண்டு வீட்டுப் பிள்ளை. சாஃப்ட்வேர் டெஸ்டிங் பாடத்தில் அதை மனிதன் செய்த தப்பு என்பார்கள். டிபெண்டபிலிட்டி பாடத்தில் ஃபால்ட் விழித்துக்கொண்டு சிஸ்டத்தின் உள்நிலை கெட்டுப்போனதை எரர் என்பார்கள். பரீட்சையில் எந்தப் பேப்பர் என்று பார்த்து எழுதுங்க.

இந்தப் பிரிவினை எதற்கு? ஃபால்ட் இருந்தும் ஃபெயிலியர் வராமல் வருஷக்கணக்கில் இருக்க முடியும் என்பதற்காக. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். கிளம்பி 40 விநாடிக்குள் திசை மாறி, உடைந்து, வெடித்தது. உள்ளே இருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் போயின. காரணம் வழிகாட்டும் மென்பொருளில் ஒரு இடம்: 64 பிட் ஃப்ளோட்டிங் பாயிண்ட் எண்ணை 16 பிட் இண்டிஜராக மாற்றுவது. 32,767-க்கு மேல் போனால் அதில் இடம் இல்லை, அதற்குத் தடுப்பும் போடவில்லை. அதே வரி அதற்கு முந்தைய ஏரியன் 4-லும் இருந்தது! அங்கே ராக்கெட்டின் பாதை வேறு, அந்த எண் அவ்வளவு பெரிதாக வளரவே இல்லை. ஃபால்ட் தூங்கிக்கொண்டிருந்தது. "பல தடவை பறந்த கோடுப்பா, ஃபெயிலியரே இல்ல" என்று எடுத்து வந்து புது ராக்கெட்டில் போட்டார்கள். ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்று வைத்திருந்த உபரி கம்ப்யூட்டரிலும் அதே கோடு. அதுதான் முதலில் நின்றது. அடுத்த நொடிக்குள்ளேயே மற்றதும் நின்றது.

செமஸ்டர் முழுக்க ஓடிய கோடு டெமோ அன்றைக்கு மட்டும் கவிழ்வதற்கும் இதுதான் காரணம். அன்றைக்குத்தான் நீங்க கொடுக்காத இன்புட்டை யாரோ ஒருத்தர் கொடுத்தார்.

இதே ராக்கெட் இன்னொரு ஜோடியையும் விளக்கிவிடும்: வெரிஃபிகேஷன், வேலிடேஷன். எழுதி வைத்த தேவைப்படி செய்திருக்கிறோமா என்று பார்ப்பது வெரிஃபிகேஷன். எழுதி வைத்ததே சரியான தேவைதானா, உண்மையான பயன்பாட்டுக்கு இது உதவுமா என்று பார்ப்பது வேலிடேஷன். பேரி போம் என்ற மென்பொருள் அறிஞர் இதைச் சரியாகக் கட்டினோமா, சரியானதைக் கட்டினோமா என்று இரண்டு கேள்வியாகப் பிரித்தார். ஏரியன் கோடு ஏரியன் 4-ன் தேவைகளுக்குச் சரிதான். ஏரியன் 5-ன் பாதைத் தரவைக் கொடுத்து அந்தப் பகுதியை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை என்பதை விசாரணைக் குழு எழுதியது. நம் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் "டெஸ்டிங் அண்ட் வேலிடேஷன்" என்று ஒரு அத்தியாயம் இருக்கும். அதில் ஒருவர் கூட பயன்படுத்தப்போகிற ஆளிடம் கருவியைக் கொடுத்துப் பார்த்ததாக இருக்காது. எங்களுடையதிலும் இல்லை. ஹாஸ்டல் மோட்டார் போடும் அண்ணாவிடம் கேட்டிருந்தால், "டிஸ்ப்ளே எல்லாம் வேணாம் தம்பி, நிரம்பினா ஒரு மணி அடிச்சா போதும்" என்று சொல்லியிருப்பார்.

பூட்டிய கதவு

தமிழில் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் சேஃப்டியையும் செக்யூரிட்டியையும் சொல்கிறோம். விபத்திலிருந்து ஆட்களைக் காப்பது சேஃப்டி. வேண்டுமென்றே கெடுதல் செய்ய வருபவர்களிடமிருந்து காப்பது செக்யூரிட்டி. ஒன்றில் எதிராளி தீ, மின்சாரம், புவியீர்ப்பு. அவற்றுக்கு மூளை கிடையாது. இன்னொன்றில் எதிராளி யோசிக்கிற மனிதன்.

இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் கதவு. செக்யூரிட்டி கதவைப் பூட்டச் சொல்லும், சேஃப்டி திறந்து வைக்கச் சொல்லும். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் சட்டை ஆலையில் தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம் பெண்கள், புலம்பெயர்ந்து வந்த தொழிலாளிகள். துணி திருட்டுப் போகக்கூடாது என்று வெளியேறும் கதவு ஒன்றைப் பூட்டி வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது என்கிற நீளக் கம்பி போட்ட கதவைத் தியேட்டரில் பார்த்திருப்பீங்க. இரண்டு சொல்லுக்கும் ஒரே நேரத்தில் மரியாதை கொடுக்கிற கதவு அது.

உங்கள் ஹாஸ்டல் பின் கேட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பூட்டு தொங்குகிறதா? சாவி யாரிடம், அவர் எங்கே படுத்திருக்கிறார் என்று ஒரு தடவை விசாரித்து வையுங்க. வார்டன் "பாதுகாப்புக்காகத்தான்" என்பார். எந்தப் பாதுகாப்பு என்று மரியாதையாகக் கேட்கலாம்.

சின்னச் சின்னதாய்ச் சில

எஃபெக்டிவ் என்றால் நினைத்த வேலை நடந்தது. எஃபிஷியன்ட் என்றால் குறைந்த செலவில் நடந்தது. கரண்ட்டே சாப்பிடாத, காற்றும் வராத ஃபேன் எங்கள் ரூமில் இருக்கிறது. அதை எஃபிஷியன்ட் என்று கூட சொல்ல முடியாது.

எகனாமிக் என்றால் பொருளாதாரம் சம்பந்தப்பட்டது. சிக்கனமானது எகனாமிகல். அப்ஸ்ட்ராக்டில் "எகனாமிக் டிசைன்" என்று எழுதினால் நிதியமைச்சருக்கு எழுதிய மாதிரி இருக்கும்.

ஷல், ஷுட் இரண்டையும் வேலைக்குப் போகப்போகிறவர்கள் கவனிங்க. பள்ளியில் ஐ, வீ வந்தால் ஷல் என்று மட்டும் படித்தோம். தரநிலைகளிலும் டெண்டர்களிலும் ஷல் என்றால் கட்டாயம், செய்யாவிட்டால் பொருளைத் திருப்பி அனுப்பலாம். ஷுட் என்றால் பரிந்துரை. மே என்றால் அனுமதி. கேன் என்றால் முடியும் என்பது மட்டும். ஒரு ஷல்லை ஷுட் என்று டைப் அடித்தால் ஒப்பந்தமே மாறிவிடும்.

அப்புறம் ரோட்டில் போகும் பெட்ரோல் டாங்கர் லாரி. பின்னால் சிவப்பில் "ஹைலி இன்ஃப்ளேமபிள்" என்று எழுதியிருக்கும். சின்ன வயதில் நான் அதை "தீப்பிடிக்கவே பிடிக்காது" என்று நினைத்திருந்தேன். கரெக்ட்டுக்கு எதிர்ச்சொல் இன்கரெக்ட் என்றால், ஃப்ளேமபிளுக்கு எதிர்ச்சொல் இன்ஃப்ளேமபிள்தானே? இல்லை. இரண்டுக்கும் ஒரே பொருள், சீக்கிரம் தீப்பிடிக்கும். அந்த முன்னொட்டு லத்தீனில் "உள்ளே" என்று பொருள்படுவது. இல்லை என்று சொல்வது அல்ல. நான் மட்டும் குழம்பவில்லை. 1920களிலேயே அமெரிக்காவின் தேசியத் தீத் தடுப்புச் சங்கம் இன்ஃப்ளேமபிளை விட்டுவிட்டு ஃப்ளேமபிள் என்றே எழுதச் சொன்னது. தீப்பிடிக்காதது என்று எழுத வேண்டுமானால் நான்-ஃப்ளேமபிள்.

அதே ஊரில் பெஞ்சமின் லீ வோர்ஃப் என்றொருவர் இருந்தார். மொழியியலில் பெரிய பெயர், ஆனால் படித்தது எம்.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங், பார்த்த வேலை தீ காப்பீட்டு நிறுவனத்தில். நம்ம ஆள். தீ விபத்து அறிக்கைகளைப் படித்தவர் ஒன்றைக் கவனித்தார். நிரம்பிய பெட்ரோல் டிரம் அருகில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். "காலி டிரம்" என்று சொல்லிவிட்டால் பக்கத்திலேயே நின்று சிகரெட் பிடிக்கிறார்கள். காலி டிரம்மில் திரவம்தான் இல்லை. காற்றோடு கலந்த ஆவி நிறைய இருக்கிறது, வெடிப்பதற்கு அதுதான் தோதானது. காலி என்ற சொல் ஒன்றும் இல்லை என்றும் சொல்கிறது, ஆபத்தில்லை என்றும் காதில் விழுகிறது. கெமிஸ்ட்ரி லேபில் "காலி" அசிட்டோன் பாட்டிலை வெயிலில் வைப்பவர்களுக்கு இதை ஃபார்வர்டு செய்யுங்க.

தமிழில் வார்த்தை இல்லாததால்தான் இந்தக் குழப்பம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீங்க. எங்கள் டீமில் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன் ஒருவன். வைவா முடிந்து கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது சாவகாசமாகச் சொன்னான்: "பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ்லயே துல்லியத்தன்மை வேற, நுட்பம் வேறனு இருந்துச்சுடா. தகைவு வேற, திரிபு வேற மாதிரி." அப்போ உள்ளே ஏன்டா சொல்லல என்றோம். "இங்கிலீஷ்ல கேட்டாங்க, அது வேற ஏதோன்னு நினைச்சேன்" என்றான்.

கோடைத் திருத்திவிட்டோம். பத்து ரூபாய் தெர்மிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, 0.034-க்குப் பதிலாக வெப்பநிலையிலிருந்து ஒலியின் வேகத்தைக் கணக்கிடும் ஒரு வரி. இப்போது 90-க்கு 89.8 காட்டுகிறது. ரிப்போர்ட்டைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. நீல அட்டை, தங்க எழுத்து பைண்டிங்கோடு டிபார்ட்மென்ட் லைப்ரரியில் இருக்கிறது. அப்ஸ்ட்ராக்டின் மூன்றாவது வரியில் "ஹைலி அக்யூரேட் அண்ட் பிரிசைஸ்" என்று. ஜூனியர்கள் காப்பி அடிக்கும்போது அந்த வரியை மட்டும் விட்டுவிடுங்க, ப்ளீஸ்.